ஒழுங்கையில் ஒருத்தி

நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையில் எட்டு வீடுகள். ஏழு பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் கனடா, லண்டன், பாரிஸ் என்று போய்விட்டார்கள். நான் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள், கலியாணம் கட்டாதவள், எங்கும் போகாதவள். ஆகவே ஏழு வீட்டுத் திறப்புகளும் என்னிடம். இந்தப் பதவிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு ஏழு வீட்டு விறாந்தையிலும் லைற் போட்டுவிட்டு வருவேன். "ஆளில்லை எண்டு தெரிஞ்சால் கள்ளன் பூந்திடுவான் ரீச்சர்" என்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் சனம் இருப்பது போலத் தோன்றும். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது.

போன கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. இரண்டு நாள் விடாத மழை. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும், ஏற்றிப்போக உழவு இயந்திரம் வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் வழக்கம்போல லைற்றுகளைப் போட்டுவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். இயந்திரம் ஒழுங்கை முகப்பில் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் கேற்றடிக்கு ஓடுவதற்குள் போய்விட்டது.

பிறகு மின்சாரம் போனது, தொலைபேசி போனது, வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. குசினி மேசைமேல் ஏறி ஒரு இரவும் ஒரு பகலும் இருந்தேன். முதலில் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே கோபம் வந்து நிறுத்திவிட்டேன். பயத்தைவிட அந்தக் கோபம்தான் இப்போதும் நினைவிருக்கிறது.

வெள்ளம் வடிந்தபின் இயந்திரத்தை ஓட்டிய தொண்டரைப் பள்ளிக்கூடத்தில் கண்டேன். வேறு ஊர்க்காரர்.

"ஒழுங்கை முழுக்க வெளிச்சமாக் கிடந்தது ரீச்சர். சனம் கனக்க இருக்கு, தாங்களே வந்திடுவினம் எண்டு நினைச்சு, முதல்ல இருட்டாக் கிடந்த பக்கம் போனனான். திரும்பி வரேக்க மதவடியில ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாயுது. வர ஏலாமல் போச்சு."

அவரை ஏசவென்றே போயிருந்தேன். ஆனால் லைற் போட்டது நான்தானே.

மார்கழியில் ஒரு உதவி நிறுவனம் வந்தது. எனக்கும் ஒரு பொதி. உள்ளே ஐந்து சாப்பாட்டுக் கோப்பைகள், ஐந்து பாய்கள், ஊருக்கே சோறு காய்ச்சலாம் போல ஒரு பானை. குடும்பத்துக்கென்று கட்டியது, பிரிக்க ஏலாது என்றார்கள். ஐந்து பாயையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

தையில் அதே நிறுவனத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். யாழ்ப்பாணப் பிள்ளை. கதிரையில் இருந்து, கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அடுத்த புயலுக்கு முதல் என்ன செய்து வைக்கலாம் ரீச்சர்? மண்டபம் ஒண்டு கட்டலாம் எண்டு மேலிடத்தில யோசிக்கினம்."

"பள்ளிக்கூடம் இருக்கு பிள்ளை. அங்க கொண்டுபோக ஆள்தான் இல்லை. எந்த வீட்டில எத்தினை பேர் படுக்கினம் எண்டு மழைக்கு முதலே எழுதி வையுங்கோ. மாரி முழுக்க வந்து கதவைத் தட்டிப் பாக்க ஒராளுக்குச் சம்பளம் குடுங்கோ."

அவள் போய் மேலிடத்தோடு மல்லுக்கட்டினாள். பட்டியல் எழுத மட்டும் சம்மதித்தார்கள். கதவு தட்டுகிறவருக்குச் சம்பளம் திட்டத்தில் இல்லையாம். மண்டபமென்றால் சுவரில் பெயர்ப்பலகை வைக்கலாம், கதவு தட்டுவதற்கு அதை எங்கே வைப்பது!

எங்கள் ஒழுங்கைப் பட்டியலை எழுதும் வேலை எனக்கே வந்தது. செய்தி எப்படியோ கனடாவுக்குப் போய், ஒரு வீட்டுக்காரர் தொலைபேசியில் வந்தார். "பூச்சியம் எண்டு எழுதாதேங்கோ ரீச்சர். ஆளில்லாத வீடெண்டு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"அது ஊருக்குத் தெரியாமல்தான் நான் மேசையில இருந்தனான்" என்று வைத்துவிட்டேன். ஏழு முறை பூச்சியம் எழுதினேன். எட்டாவதில் ஒன்று.

கடைசிக் கட்டத்தில், ஆபத்து நேரத்தில் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று கேட்டிருந்தது. அதை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை திரும்பி வந்தபோது தாளைக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். பேனையை எடுத்து என்னிடமிருந்த பிரதியிலும் தன்னுடையதிலும் தன் பெயரையும் இலக்கத்தையும் எழுதினாள்.

எழும்பிப் போகும்போது கேற்றடியில் நின்று சொன்னாள். "திட்டம் மாசியோட முடியுது ரீச்சர். பிறகு நான் வேற மாவட்டம். அதுக்குள்ள வேற ஆரின்ரையாவது பேரைப் போட்டு வையுங்கோ, என்ன?"

ஓம் என்றேன்.

இப்போது ஆவணி. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவளுடைய பெயரை நான் வெட்டவில்லை. வெட்டினால் எழுத என்னிடம் வேறு பெயர் இல்லை.