மாசானம் சொன்னது எந்தக் கார்டை?

மாசானத்தைப் பார்க்கிற எவரும் முதலில் அவன் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனால்கூடக் கம்பெனி டேக், அதான் அந்த அடையாள அட்டை, நீல நாடாவில் தொங்கும். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் வெல்டிங் லைனில் வேலை. ரொம்ப நாள் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, போன தை மாதம்தான் பெர்மனென்ட் ஆனான். அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள் நாடா, பெர்மனென்ட் ஆனவனுக்கு நீலம். பையன்கள் கேலி செய்தால் சிரிப்பானே தவிர, கழற்ற மாட்டான்.

நான் வடக்குப்பட்டு சந்திரம்மாள். எங்கள் வீட்டு மாடி ரூமில் வேறு பையன்களோடு அவனும் இருந்தான். வீட்டுக்காரி குடியிருக்கிறவனைப் பற்றி நல்லதாகப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவேண்டாம். பாத்ரூமைக் கழுவி விட்டுவிட்டு வெளியே வருகிற ஒரே ஆண்பிள்ளை அவன்தான். பெண்டாட்டி பேச்சி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள், குழந்தை தவழ ஆரம்பித்தும் அங்கேயே இருந்தாள். லீவு கிடைக்காமல் இவன் பிள்ளையை இரண்டே தடவைதான் தூக்கியிருக்கிறான்.

எங்கள் கீழ்ப் போர்ஷன் காலியானதும் என்னிடம் வந்து நின்றான். மாதம் பிறந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன், அந்த ஞாயிறே அவளையும் பிள்ளையையும் கூட்டி வந்துவிடுகிறேன், வேறு யாருக்கும் விட்டுவிடாதீர்கள் என்றான். ஓ.டி. பார்த்துச் சேர்த்த அட்வான்ஸ் பணம் பேங்கில் தயாராக இருந்தது. நானும் சரி என்று சொல்லிவிட்டேன். என் மகன் ரகுவுக்கு அதில் இஷ்டமே இல்லை. குன்றத்தூர் பார்ட்டி ஒன்று ரொக்கத்தோடு நிற்கிறது, நீ இவனுக்காகப் பூட்டி வைத்திருக்கிறாய் என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தான்.

அந்த மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, கம்பெனி பஸ்ஸில் தூங்கி எழுந்தவனுக்குக் கழுத்தில் நாடா இல்லை. சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறான். போனது டேக் மட்டும் என்றால் தொலையட்டும் என்று விடலாம். டேக் வைக்கிற அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏ.டி.எம். கார்டையும் செருகி வைத்திருந்தான் இந்த மகராசன். பெர்மனென்ட் ஆன அன்று இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே ஆள், ஒரே கவரில் போட்டுக் கொடுத்தாராம். அதனால் ஒன்றாகவே இருக்கட்டும் என்று வைத்தானாம். கேட்டதும் எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. அப்புறம் தெருவில் போகிற பையன்களின் கழுத்தைக் கவனித்தேன். பாதிப் பேர் அப்படித்தான் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

கம்பெனி கேட்டில் மோகன் என்று ஒரு செக்யூரிட்டி. அவரிடம் போய் இவன் கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அவர் உள்ளே போன் பேசிவிட்டு, கார்டை ப்ளாக் பண்ணியாச்சு, புதுசு வரும், நீ லைனுக்குப் போ என்றிருக்கிறார். அவ்வளவுதான், இவனுக்கு நிம்மதி. கார்டைக் கொடுத்த கம்பெனியே ப்ளாக்கும் பண்ணிவிட்டது, அப்புறம் என்ன கவலை? போனை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் பேங்கிலிருந்து இங்கிலீஷில் மெசேஜ் மேல் மெசேஜ். கார்டு என்ற வார்த்தை மட்டும் புரிந்திருக்கிறது. ப்ளாக் பண்ணியதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, அடுத்தடுத்து வந்தவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

புது டேக் வந்தது. ஏ.டி.எம். கார்டு வரவில்லை. எச்.ஆர். பெண்ணிடம் போய்க் கேட்டால், அதை எங்களிடம் ஏன் கேட்கிறாய், பேங்கில் போய்க் கேள் என்றாளாம். வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பேங்குக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். நாளை மறுநாள் என் கைக்கு வரவேண்டிய அட்வான்ஸ், போகாமல் இருப்பேனா?

கவுண்டரில் மதிவதனி என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். பாஸ்புக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இவனை நிமிர்ந்து பார்த்தாள். பெட்ரோல் பங்க், செருப்புக் கடை, செல்போன் கடை, மறுபடி பெட்ரோல் பங்க் என்று வரிசையாகப் படித்தாள். மாசானம் திருதிருவென்று முழித்தான். அவனிடம் வண்டியே கிடையாது.

ரகசிய நம்பர் போடாமல் பணம் எப்படிப் போகும் என்று நான்தான் கேட்டேன். அந்தக் கார்டை மிஷின்மேல் தொட்டாலே போதுமாம். ஐயாயிரம் வரைக்கும் நம்பரே வேண்டாமாம். அப்படி ஒரு சங்கதி அந்தக் கார்டில் இருப்பது இவனுக்கே தெரியாது. அட்வான்ஸில் முக்கால்வாசியைத் தொட்டுத் தொட்டே எடுத்துவிட்டான் எவனோ ஒரு பாவி. 

"எப்ப தொலைஞ்சுது?"

"திங்கக்கெழம மேடம். அன்னைக்கே சொல்லிட்டேம்லா."

"யார்கிட்ட?"

"கம்பெனில."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்ககிட்ட சொல்ற வரைக்கும் போனது உங்க பொறுப்பு சார். சொன்னதுக்கப்புறம் ஒரு ரூபா போனாலும் அது எங்க பொறுப்பு. நீங்க இன்னிக்குதான் சொல்றீங்க."

நான் சும்மா இருப்பேனா? மெசேஜ் வந்து மூன்று நாளைக்குள் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எங்கள் தெருவிலேயே சொல்கிறார்களே என்றேன். அது வேறயாம். கார்டு நம் கையில் இருக்க, எவனோ அதன் விவரத்தைத் திருடி எடுத்தால் அந்தக் கணக்காம். இது கார்டையே தொலைத்த கேஸாம். ஆக, கார்டு கையில் இருக்கும்போது திருடினால் பணம் திரும்பி வருமாம், கார்டோடு சேர்த்துத் திருடினால் வராமலும் போகலாமாம். எனக்குத் தலை சுற்றியது. அவளுக்குமே அது முழுசாகப் புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். நல்ல பெண், பாவம். கார்டை உடனே ப்ளாக் செய்தாள், புகாரும் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையே சொன்னதற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றாள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். அங்கேயும் முதல் கேள்வி, பேங்கில் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதுதான்.

அத்தாட்சிக்குக் கம்பெனி கேட்டுக்கு ஓடினோம். மோகன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 'டேக் காணவில்லை, ப்ளாக் செய்யப்பட்டது' என்று இருந்தது.

"ஏம்பா, ஏ.டி.எம். கார்டும் போச்சுன்னு நீ சொல்லவே இல்லியே. கார்டுன்னுதான சொன்ன? இங்க கார்டுன்னா டேக்குதான்."

"கார்டெல்லாம் போச்சுன்னு சொன்னேன் சார்."

"நெனச்சுப் பாத்து சொல்லு."

மாசானம் யோசித்தான். கார்டெல்லாம் என்று சொன்னேனோ, கார்டு என்று மட்டும் சொன்னேனோ, சரியாக நினைவில்லை என்றான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அப்படியே அடித்துச் சொல்லவேண்டியதுதானே? வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் போனும் கையுமாகக் கீழே வந்தான். மறுநாள் கூட்டி வருவதாக இருந்த பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம், வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டானாம். அவள் என்னோடு பேசவேண்டும் என்கிறாளாம். போர்ஷனைக் கேட்டு அழப்போகிறாள், என்ன பதில் சொல்வது என்று தெரியாமலே வாங்கிக் காதில் வைத்தேன். அவள் அழவில்லை.

"யக்கா, பேங்குல இவுககிட்ட ஏன் சொல்லலன்னு கேக்காவ. கம்பெனில என்ன சொன்னன்னு கேக்காவ. ஸ்டேஷன்லயும் இவுகளத்தான் கேட்டுருக்காவ. எடுத்தவன யாருமே கேக்கலயாக்கா?"

 அலைந்த அலைச்சலில் அந்தத் திருடன் ஒருத்தன் இருப்பதையே நானும் மறந்துபோயிருந்தேன். பின்னால் குழந்தை எதற்கோ கத்திக்கொண்டிருந்தது. மாசானம் போனையே பார்த்தபடி நின்றான்.

"நீ கெளம்பி வா பேச்சி. வூடு காலியாத்தான் கீது," என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ரகு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அட்வான்ஸ் இல்லாமல் விட்டு, நாளைக்கு வாடகையும் வரவில்லை என்றால் யார் பொறுப்பு என்று கேட்டான்.

"நான்தான்டா பொறுப்பு," என்றேன். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.