ஒரு கோட்டுக்குக் கேக் வெட்டிய கதை

டாண்டனாங் நகரின் மாத்திரைத் தொழிற்சாலையில் ரைலீன் பாக்ஸ்டருக்குப் பத்தொன்பது வருட வேலை. மாத்திரை அச்சடிக்கும் இயந்திரத்தோடுகூடப் பேசுவாள். மக்கர் செய்தால் திட்டுவாள், ஒழுங்காக ஓடினால் தட்டிக்கொடுப்பாள். ஷிப்ட் தலைவி பதவி காலியாக இருந்தது. அது தனக்குத்தான் கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை பெயரை அறிவிப்பதாக மேலாளர் டெஸ்மண்ட் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமைதான் வம்பு வந்தது.

அங்கே மருந்துத்தூள் குழாய் வழியாக நிற்காமல் வந்து மாத்திரையாகிறது. குழாயில் பதித்த ஒரு கண்ணாடிக் கண், தூளின்மேல் ஒளி பாய்ச்சி, அதில் மருந்து எவ்வளவு என்று நொடிக்கு நொடி அளந்து திரையில் கோடு வரையும். வழக்கமாக அந்தக் கோடு இரண்டு பியர் குடித்தவன்போல லேசாகத் தள்ளாடும். அன்று காலை ஏழு மணியிலிருந்து ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது; மருந்தின் அளவு துளியும் மாறவில்லை என்று அர்த்தம்.

கண்ணைப் பொருத்திய பொறியாளர் லாக்லனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்து மணிக்கு டெஸ்மண்ட் கேக்கே வாங்கிவந்துவிட்டார். அதன்மேல் நீல கிரீமில் ஒரு நேர்கோடு. தேநீர் அறைத் திரையிலும் அதே நேர்கோடு.

“மூணு மணி நேரம், ஒரு ஆட்டம் இல்லப்பா!” என்று டெஸ்மண்ட் கேக்கை வெட்டினார்.

“எனக்கு இது பிடிக்கல,” என்றாள் ரைலீன்.

“கேக்கா?”

“கோடு. என் வீட்டுக்காரரு காப்பியா டீயான்னு சொல்றதுக்குள்ள மூணு தடவ மனசு மாறுவாரு. தூளு மட்டும் மாறாதாக்கும்?”

“அதான் டெக்னாலஜி, ரைலீன்,” என்றான் லாக்லன், வாய் நிறைய கேக்கோடு.

“மிஷின நிறுத்திப் பாக்கணும்.”

டெஸ்மண்டின் முகம் சுருங்கியது. “சும்மா நிறுத்தி ஒண்ணும் இல்லேன்னா, நாளைக்கு உன் பேர எப்படிம்மா சொல்றது?”

ரைலீன் திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தொப்பி, முகமூடி, அங்கி, காலணி உறை என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் நின்றது. குழாயில் இருந்த தூள் முழுவதையும் வெளியேற்றினாள்.

திரையில் கோடு மட்டும் அசையவில்லை.

தேநீர் அறை ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. “காலிக் குழாயில மருந்து கரெக்டா இருக்குதாம். இன்னொரு துண்டு கேக் சாப்பிடுங்க!”

லாக்லன் ஓடிவந்து கண்ணைக் கழற்றினான். கண்ணாடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தூள் ஒட்டியிருந்தது. கண் மூன்று மணி நேரமாக அதையேதான் அளந்துகொண்டிருந்தது.

“புதுசா காதலிக்கிறவன் மாதிரி ஒண்ணையே முறைச்சுப் பாத்துட்டு இருந்திருக்கு,” என்றாள் ரைலீன். லாக்லனின் காது சிவந்தது.

அந்த மாத்திரைகளைச் சோதனைக்கூடம் பார்த்தது. எட்டரை மணிக்கு மேல் அடித்தவற்றில் மருந்து குறைவு என்று மாலையில் முடிவு வந்தது.

டெஸ்மண்ட் ஒரு காகிதத்தோடு வந்தார். “நாளை வரைக்கும் எதுக்கு? தலைவி நீதான். ஆனா காலையில அடிச்ச அத்தனையும் அழிக்கணும்னு எவனாவது கையெழுத்துப் போடணுமே.”

“எவனாவதா? பேனாவ இங்க குடு,” என்றாள் ரைலீன்.