பத்துச் சுண்டுவிரல்கள்

எங்கள் வீட்டு அடுக்களைப் பலகையில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் நாள் முழுக்க ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று நடுங்கிக்கொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறிகள் ஓடின. சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருவில் பிறந்த எங்களுக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு, கூலியை உயர்த்தச் சொல்லித் தறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய திங்கட்கிழமை காலையில் டம்ளர்கள் அசையாமல் நின்றன. அந்த அமைதிக்குப் பயந்து பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதது நினைவிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரே வயதுப் பெண்பிள்ளைகள் பதினொரு பேர். நாங்கள் எங்களை 'செட்டு' என்று சொல்லிக்கொள்வோம். அதுவரை பாண்டி ஆடவும் புளியங்காய் பறிக்கவும் மட்டும் இருந்த செட்டு, ஸ்ட்ரைக் வந்ததும் வேறு ஒன்றாகிவிட்டது. யாராவது கள்ளத்தனமாகத் தறி ஓட்டுகிறார்களா என்று பார்க்க, பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். தறி ஓடினால் சுவர் நடுங்கும், கை பொய் சொல்லாது. இந்த யோசனை எங்கள் தலைவி செல்வியுடையது. பெரியவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை. டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த தறிக்காரர்கள் எங்களைப் பார்த்து, "நம்ம பிள்ளையளுக்கு இருக்க ஒத்துமையப் பாத்தீரா வே!" என்று சிரிப்பார்கள். அதைக் கேட்டதும் எங்களுக்குத் தரையில் கால் பாவாது. பதினொரு கைகள் ஒரே சுவரில் வரிசையாகப் பதிந்திருக்கும்போது எது என் கை என்றே மறந்துபோகும். அந்த மயக்கத்தை அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் அனுபவித்ததில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், மழைக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட, நான் வீட்டுக்கு வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அம்மா திறந்தாள். உள்ளே ராட்டை. சிவப்பு நூலைக் குச்சிகளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதை 'தார் சுற்றுவது' என்போம். தார் இல்லாமல் தறி ஓடாது. வேறு தெருவில் எவனோ ஒரு முதலாளி ஒளித்துத் தறி ஓட்ட, காய்கறிப் பைக்குள் நூல் வந்து, தூக்குவாளிக்குள் தாராகிப் போய்க்கொண்டிருந்தது. அரிசிப் பானை காலியானது எனக்கும் தெரியும். தறித் தொழிலாளியான அப்பாவோ தினமும் ஸ்ட்ரைக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தெருவுல தலை நிமிந்து நடக்க மாட்டாருட்டி. வெளிய மூச்சு விட்டுராத" என்றாள் அம்மா.

எனக்குப் பின்னாலேயே கோமதி வந்திருந்தாள். எங்கள் வகுப்பில் நான்கு கோமதிகள், இவள் 'கு. கோமதி', செட்டில் ஒருத்தி, என் உயிர்த்தோழி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சிக்கல் விழுந்த நூலைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு செட்டோடு சுவர் சுவராகக் கை வைக்கும்போது, என் வீட்டுச் சுவர் வந்தால் முதல் ஆளாக நானே ஓடிப்போய்க் கை வைப்பேன். ராட்டைக்குச் சுவர் நடுங்காது என்று தெரிந்தும் பயம். மூன்றாம் நாள் சாயங்காலம் செல்வி என் பாவாடையிலிருந்து ஒரு சிவப்பு இழையை எடுத்தாள். "ஏட்டி, தறி நின்னு இத்தன நாளாச்சு. உனக்கு மட்டும் எங்கன இருந்து புது நூலு வருது?"

பத்து முகங்களும் என் பக்கம் திரும்பின. "கோமதி வீட்டுக்குப் போனேன், அங்கன ஒட்டிருக்கும்" என்றேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்திருக்கும். வாயைத் திறந்தவள், பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். "காய் விடுங்கட்டி" என்றாள் செல்வி. சுண்டுவிரலை நீட்டிக் 'காய்' விட்டால் பேச்சு கிடையாது. இரண்டு விரலைச் சேர்த்துப் 'பழம்' விட்டால்தான் மறுபடி பேசலாம். கோமதியின் முகத்துக்கு நேரே பத்துச் சுண்டுவிரல்கள் நீண்டன. முதலில் நீண்டது என்னுடையது. அந்த நேரம் எனக்கு வெட்கமாக இல்லை என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாடா, நான் இன்னும் செட்டில்தான் இருக்கிறேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேச்சு பெரியவர்கள் காதுக்கும் போய், கோமதியின் அப்பா நாலு பேரைக் கூட்டிவந்து வீட்டைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. அடுத்த வாரமே கூலி முடிவாகித் தறிகள் ஓடின. நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்த அப்பாவும் அவருடைய முதலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பெரியவர்களுக்கு அது கூலிக்காகச் சேர்ந்த சேர்மானம். நாங்கள்தான் உயிரென்று நம்பிவிட்டோம். கோமதிக்கு யாரும் பழம் விடவில்லை. யாராவது முதலில் விரலை நீட்டியிருக்க வேண்டும். அது நானாக இருந்திருக்க வேண்டும். முழுப்பரீட்சை முடிந்ததும் கோமதி வீட்டார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

இன்று அந்தத் தெருவில் பாதித் தறிக்கூடங்கள் குடோன்களாகிவிட்டன. சாயங்காலம் பிள்ளைகளைத் தெருவில் காண முடியாது. போன வாரம் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செல்போனைப் பார்த்தபடி, "ஒருத்திய குரூப்ப விட்டுத் தூக்கிட்டோம்மா" என்றாள். முதலில் சொன்னது யார் என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அப்பா சாகும்வரை அறியாத கதையை அன்று அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த அத்தைய நீ தேடவே இல்லையாம்மா?" என்றாள்.

தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுவாளோ என்று இன்னும் பயமாக இருக்கிறது.