தானாக நகர்ந்த அம்புக்குறி

குஞ்சு பொரிப்பகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘பாஸ்வேர்டு’ என்றால்தான் தெரியும். இருக்கும் ஒரே கணினிக்கும், அது இயக்கும் பொரிப்பான்களுக்கும் அவர்தான் பொறுப்பு. பொரிப்பானின் சூட்டையோ ஈரத்தையோ மாற்ற வேண்டுமென்றால் கணினி கடவுச்சொல் கேட்கும். அந்தச் சொல்லை முதலாளிக்குக்கூட அவர் சொன்னதில்லை. “செத்தாலும் வாயில இருந்து வராது, சாம்பல்லதான் தேடணும்” என்று வாயிற்காவலர் கேலி செய்வார்.

எச்சரிக்கை அவருடைய பிறவிக் குணம். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். வெளியூர்த் திருடர்கள் கணினிக்குள் புகுந்து தொழிற்சாலைகளை முடக்குவதைப் பற்றி எங்கோ படித்தது முதல் அவருக்கு உறக்கம் கெட்டது. முட்டைத் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணான சிட்டுவை அழைத்துக் கணினியின் முன் நிறுத்தி, பாடம் நடத்துவதுபோல் சொல்லிவைத்தார்: “யாரும் தொடாம அம்புக்குறி தானா நகர்ந்துதுன்னா, உள்ள திருடன் வந்துட்டான்னு அர்த்தம். யோசிக்காத. பின்னாடி இருக்கற நெட் வயரைப் புடுங்கிடு.”

பிறகுதான் முதலாளி, அவசரத்துக்கு உதவும் என்று, பொரிப்பகக் கணினியைக் கைபேசியிலிருந்தே இயக்கும் செயலியை அவருக்குப் போட்டுக் கொடுத்தார். அதைச் சிட்டுவிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று அவர் மனைவியோடு பேருந்தில் இருந்தார். மனைவியின் அண்ணன் புது வீட்டைப் பார்க்க வரச்சொல்லிப் பல மாதங்களாகக் குறைபட்டுக்கொண்டிருந்தார். பாலம் ஏறும் இடத்தில் வண்டிகள் நெரிசலில் சிக்கி நின்றன. சும்மா இருந்த அவர் கை சட்டைப்பையைத் தேடியது.

“ஆரம்பிச்சாச்சா? பேசாம அந்தப் போனையே கட்டிக்கிட்டிருக்கலாம். எங்க அப்பாவுக்குச் செலவாவது மிஞ்சியிருக்கும்.”

“ஒரே ஒரு தடவை பாத்துட்டு வெச்சுடறேன்.”

செயலியைத் திறந்ததும், பொரிப்பகத்தின் சுவர் அகலத் திரை உள்ளங்கையளவாகச் சுருங்கித் தெரிந்தது. மூன்றாவது பொரிப்பானுக்கு நேரே இருந்த வெப்ப எண் சிவந்திருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் வெப்பமானியைத் துடைப்பதற்காக விசிறியை நிறுத்தியிருந்தார். கத்துகிறதே என்று எச்சரிக்கை மணியையும் அணைத்திருந்தார். வாசலில் மனைவி குரல் கொடுத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார், விசிறியை மறந்துவிட்டார். உள்ளே, ஓடு கீறி வெளிவரும் பருவத்தில், தட்டுத் தட்டாகக் குஞ்சுகள்.

விசிறிப் பொத்தானைத் தொட விரலை வைத்தால் விரலே பொத்தானை மறைத்தது. திரையைப் பெரிதாக்கினால் பொத்தான் ஓரம்போய் ஒளிந்தது. ஓட்டுநர் அரையடி நகர்த்திப் பிரேக் போட, அம்புக்குறி வேறெங்கோ தாவியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக அழுத்தினார். கடவுச்சொல் கேட்டது. தட்டச்சுப் பலகை மேலெழுந்து, சொல்லை இட வேண்டிய கட்டத்தையே மூடிக்கொண்டது. பலகையைக் கீழே தள்ளினால் எழுத முடியாது. மேலே இழுத்தால் பார்க்க முடியாது. தாம் வைத்த பூட்டு தமக்கே திறக்க மாட்டேன் என்றது.

கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக எழுத்துகளைத் தட்டினார். பாதிச் சொல்லில் படம் உறைந்தது. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்றது கைபேசி.

என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

சிட்டுவை அழைக்க வழியில்லை. நோய்க்கிருமி புகாமலிருக்க, குளித்து உடைமாற்றிவிட்டுத்தான் பொரிப்பகத்துக்குள் போக வேண்டும். கைபேசி வெளியே அலமாரியில் இருக்க வேண்டும். காவலரை அழைத்தார்.

“ஓடிப்போய் சிட்டுகிட்ட போனைக் குடுய்யா!”

“குளிக்காமலா? உள்ள கால் வெச்சா வேலை போயிடும்னு எழுதி ஒட்டினது நீங்கதானே சார்.”

“நான்தான்யா. இப்ப நானே சொல்றேன், ஓடு!”

“ஏதாவது சோதனை வைக்கறீங்களா சார்? போன மாசம் இப்படித்தான் உள்ள வரச்சொல்லிட்டுத் திட்டுனீங்க.”

அவர் கெஞ்சினார். பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் காலடிச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு மூச்சிரைக்கச் சிட்டுவின் குரல்.

“அண்ணா! திருடன் வந்துட்டான் அண்ணா! அம்பு தானா ஓடுச்சு, கட்டத்துல என்னமோ எழுத ஆரம்பிச்சான். விடுவேனா? புடுங்கிட்டேன்!”

அந்தக் குரலில் பெருமிதம் வழிந்தது.

“சரிம்மா. மூணாவது பொரிப்பான் விசிறியைப் போடு. சீக்கிரம்.”

“பாஸ்வேர்டு கேக்குதே.”

அவர் சுற்றிலும் பார்த்தார். கண்டக்டர் காசுப்பையை அணைத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

“குட்டிப்பூசணி” என்றார் தாழ்ந்த குரலில்.

“கேக்கல அண்ணா!”

“குட்டிப்பூசணி!”

பின்னிருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவளை அவர் கேலியாக அழைத்த பெயர் அது. அவர் கைபேசிக்குள் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஓடுது அண்ணா, விசிறி ஓடுது.”

“கதவைத் திற. சத்தம் கேக்குதா பாரு.”

பொரிக்கும் நாளில் கதவைத் திறந்தால் காது அடைத்துப் போகும். ஆயிரம் சின்ன வாய்கள் ஒன்றாகக் கத்தும். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். விசிறியின் இரைச்சல் மட்டும் வந்தது.

“மேல்தட்டு எல்லாம் அசையவே இல்ல அண்ணா. அடித்தட்டுல மட்டும் கொஞ்சம்...” அவள் நிறுத்தினாள். குரலில் இருந்த பெருமிதம் இறங்கியிருந்தது. “அண்ணா, இவ்வளவு சூடா இருக்கே. அந்த அம்பு... நீங்களா?”

“ஆமாம்மா.”

“நான் புடுங்கியிருக்கக் கூடாதா?”

“நான் சொன்னதைத்தானே செஞ்ச. அடித்தட்டை முதல்ல எடுத்து நாலாவது பொரிப்பான்ல வை.”

முன்னால் வண்டிகள் விலக, பேருந்து பாலத்தின் மேல் ஏறியது. பொரிப்பகம் இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேகமெடுத்தது.

“இறங்கித் திரும்பிப் போகலாமா?” என்றாள் மனைவி.

“பாலத்துல நிறுத்த மாட்டாங்க.”

அவர் மடியில் கைபேசி கிடந்தது. உறைந்த படம் இன்னும் அப்படியே இருந்தது: சிவந்த எண், அதற்கருகே பாதி நிரம்பிய கட்டம், அதன்மேல் நின்றுபோன அம்புக்குறி. அதை நகர்த்த முடியாது என்று தெரிந்தும் அவருடைய விரல் கண்ணாடியை மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தது.