தேங்காய் எண்ணெய் குடித்த துப்பாக்கி

பி.எஸ்சி. பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்த நாகலிங்கத்துக்குக் கிடைத்த வேலை, அங்கே ரோலா பகுதியில் ஒரு கராஜில் ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுப்பது. வந்ததிலிருந்து லீவு கிடைக்கவில்லை. முதுகுளத்தூரில் சரோஜாவை அவனுக்குப் பேசி முடித்து, முகூர்த்தத்தை இருமுறை தள்ளிப் போட்டாயிற்று. வருகிற தையும் தவறினால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த மார்கழியில்தான் கராஜ் முதலாளி சுல்தான், எல்லோருக்கும் அர்பாப், யாரிடமோ வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ள வேண்டிய வகை அது. இதுவோ முதல் குண்டோடு நின்றுவிடும். வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல் சிக்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பாலைவனத்தில் மச்சான்மார் முன்னால் சுட வேண்டும், நீ படித்தவன்தானே, சரிசெய்தால் லீவு என்றார் அர்பாப். காலேஜில் படித்தது ஒளியும் ஒலியும்தான் என்று சொல்ல நாகலிங்கம் வாயைத் திறந்தான். சரோஜாவை நினைத்து மூடிக்கொண்டான்.

தோட்டாக்களை அர்பாபிடமே கொடுத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே கையை வைத்தான். கழற்றினால், முன்னும் பின்னும் ஓடவேண்டிய இரும்பு உருளையைச் சுற்றிப் பழைய கிரீஸும் மணலும் அல்வாவாக இறுகியிருந்தன. மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்ததில் இரும்பு பளிச்சென்றானது. இனி எண்ணெய் போட வேண்டும். எதைப் போடுவது?

அறைத்தோழன் கார்மேகம் அங்கேயே டிங்கரிங் வேலை பார்ப்பவன். "மாப்ள, என்ஜின் ஆயிலப் போட்டியன்னா அர்பாபோட வெள்ள அங்கி, அந்தக் கந்தூரா, கந்தலாயிரும். நம்ம தேங்காண்ணெயப் போடு. எங்க வீட்டுக் கதவு, தையல் மிஷினு, எங்கப்பன் மூட்டு, எல்லாம் அதுலதான் ஓடுது."

பட்டதாரிக்கு அது நியாயமாகவே பட்டது. மதிய வெயிலில் அர்பாப் சுட்டுப் பார்த்தார். குண்டுகள் வரிசையாகப் போயின. கூடுகள் பொரி மாதிரித் துள்ளி விழுந்தன. அர்பாப் தட்டிய தட்டில் நாகலிங்கத்தின் தோள் சாயங்காலம் வரை வலித்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மணல்மேட்டில் பல் கிட்டும் குளிர். தூரத்தில் ஒரு டின்னை வைத்து அர்பாப் சுட்டார். டின் விழுந்தது. அத்தோடு சரி. உள்ளே இருந்த உருளை, சேற்றில் படுத்த எருமைபோல நகர மறுத்தது. பெரிய மச்சான் அதற்கு ஒரு டீ கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் சிரிக்க, அர்பாப் சிரிக்காமல், கூட அழைத்து வந்திருந்த நாகலிங்கத்தைத் தேடினார்.

தோட்டாக்களை எடுக்கச் சொல்லிவிட்டு நாகலிங்கம் விரலை விட்டுத் தடவினான். வெள்ளையாக, மெழுகாக ஒட்டியது. மார்கழியில் எண்ணெய்ச் சீசாவை வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்க்கிற வம்சத்தில் பிறந்தவன், வளைகுடாவில் குளிரே கிடையாது என்று எப்படி நம்பினான்? எண்ணெய் எந்தச் சூட்டில் உருகும் என்று பள்ளிக்கூடப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தானே, அந்தப் பரீட்சை எழுதினது யார்?

உருளையைக் கழற்றிச் சூடாக இருந்த ஜீப்பின் பானட்டில் வைத்தான். எண்ணெய் உருகி மணம் எழுந்தது. சின்ன மச்சான் மூக்கை உறிஞ்சி, மீன் குழம்பு எந்தப் பக்கம் கொதிக்கிறது என்று விசாரித்தார். நாகலிங்கம் ஒட்டத் துடைத்து மாட்டினான். அதன்பிறகு டின் சல்லடையாகும் வரை துப்பாக்கி நிற்கவில்லை.

என்ன மருந்து போட்டாய் என்று கேட்டார் அர்பாப். நாகலிங்கத்தால் பொய் சொல்ல முடியவில்லை.

"அர்பாப், கெடுத்ததே அந்தத் தேங்காய் எண்ணெய்தான். தப்பு என்மேல. துடைச்சு எடுத்ததாலதான் இப்ப ஓடுது."

அர்பாப் மச்சான்மாரைப் பார்த்துக் கண்ணடித்தார். தொழில் ரகசியத்தை எவன் சபையில் அவிழ்ப்பான்? பெரிய மச்சான் தன் வீட்டிலும் இப்படி மக்கர் பண்ணுகிற துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்.

"கலாஸ், பேச்சு முடிந்தது," என்றார் அர்பாப். "நாளைக்கே ஊருக்குப் போ. வரும்போது அந்த எண்ணெய் ஒரு பெரிய டின் கொண்டு வா."

நாகலிங்கம் உண்மையை இந்தியில் சொன்னான், அரைகுறை அரபியில் சொன்னான், இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தான். மறுநாள் அர்பாப் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகு, வேறு மொழி தேடவில்லை.