ஆறு அங்குலக் கத்தியும் தாயில்பட்டிச் சாலையும்

காலை ஏழரை மணிக்கு விருதுநகரில் இறங்கி ஆனைக்குட்டம் அணைக்கு வண்டி மாறினேன். தூத்துக்குடி மீன் சந்தையில் இருபது வருடமாக மீன் வெட்டுகிறவன் நான். என்னை ஒரு கத்திக்காக இவ்வளவு தூரம் வரவழைத்தவள் தங்கை பொன்மணி.

அவளைத் தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடம் மருந்து திணித்தவள், போன தீபாவளியோடு நின்றுவிட்டாள். இப்போது அணை மீனை வாங்கிச் சுத்தம்செய்து வீடுகளுக்குக் கொடுக்கிறாள். போன மாதம் ஜிலேபிக் கெண்டை வழுக்கி, அரிவாள்மனை உள்ளங்கையில் இறங்கிவிட்டது. நான்கு தையல். அவள் கணவர் கணேசன் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறார், மருந்து கலக்கும் அறையில்.

எட்டரை மணிக்கு அணைக்கரையில் காத்திருந்தாள். தண்ணீர் பாதிக்கும் கீழே கிடந்தது. ஜிலேபி கிலோ 150, ரோகு 180. ஆறு கிலோ வாங்கி ஐஸ் போட்டுக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினோம்.

பத்தேகால் மணிக்குக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும்.

“என்ன மீனு அறுக்கப் போறீக? எம்புட்டுல பாக்குறீக?”

“அணை மீனுதாண்ணாச்சி. எரநூத்தம்பதுக்குள்ள காட்டுங்க” என்றாள் பொன்மணி.

தொண்ணூறு ரூபாய்க் கத்தியின் தகடு தடிமன். முள்ளோடு சதையும் போய்விடும். அறுநூற்றைம்பது ரூபாய்க் கத்தி அழகாக இருந்தது, பிடி மட்டும் வழவழப்பு. மீன் கொழுப்பு பட்ட கையில் அது நிற்காது. 240 ரூபாய்க் கத்தியை எடுத்து நுனியை மேஜையில் அழுத்தினேன். லேசாக வளைந்து, விட்டதும் நேரானது. ஆறு அங்குலத் தகடு, வரிவரியான பிளாஸ்டிக் பிடி. நடுமுள்ளை ஒட்டிப் போக இந்த வளைவு வேண்டும். ஒரு ஜிலேபியை அறுத்துப் பார்க்கக் கடைக்காரர் அட்டை விரித்தார். பொன்மணி பணம் கொடுத்துவிட்டுக் கத்தியைச் செவுளுக்குப் பின்னால் வைத்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. தரைக்குள்ளிருந்து ‘தும்’மென்று ஒரு சத்தம். அடுக்கியிருந்த தட்டுகள் நடுங்கின. தெருவில் ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் போனை எடுத்துக் காதில் வைத்தார்கள். 

கடைக்காரர் யாரிடமோ பேசிவிட்டுத் தலையைக் குனிந்தார். “தாயில்பட்டிப் பக்கமாம். நீங்க கெளம்புங்கம்மா.”

பொன்மணி கணேசனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு வேனையும் அவள் எட்டிப் பார்த்தாள். தெற்கே சாம்பல் நிறப் புகை நின்றது. “நம்ம கம்பெனி தெக்காலயா, மேக்காலயா?” என்று என்னிடம் கேட்டாள். பதினோரு வருடம் போய்வந்த இடம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடி வழியே அவளைப் பார்த்து, “ஒண்ணும் ஆயிருக்காதுக்கா” என்றார். 

பதினொன்று நாற்பதுக்குக் கம்பெனி வாசல். காவலாளி மறித்தார். “பையில என்ன? இரும்பா? பொறி பறக்கும், அங்கனயே வைங்க!” கத்தியையும் மீனையும் புளியமரத்தடியில் போட்டுவிட்டு நின்றோம். வெடித்தது பக்கத்துக் கம்பெனியின் வெடி காயப்போடும் மேடை. ஆட்கள் டீக்கு ஒதுங்கியிருந்த நேரம். இரண்டு பேருக்குத் தீக்காயம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் காவலாளி. இந்தக் கம்பெனியிலும் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். கணேசன் வரவில்லை. பொன்மணியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

கடைசி நான்கு பேரில் ஒருவராக வந்தார், கையும் முகமும் மருந்தில் கலக்கும் வெள்ளிப் பொடி அப்பியபடி. அவள் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“கூப்புட்டா எடுக்க மாட்டீகளா?”

“சத்தமாச் சொல்லு, காது அடைச்சிருக்கு” என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

மாலை நான்கு மணிக்கு வீட்டில் மீனை எடுத்து உட்கார்ந்தாள். முதல் வெட்டிலேயே கத்தி செவுளை விட்டு விலகியது. கத்தியை வாங்கி இரண்டு ரோகுவை நான் அறுத்தேன். தகடு முள்ளை உரசிக்கொண்டு வளைந்து போனது. “குடுங்கண்ணே” என்று வாங்கி மீதியை அவளே முடித்தாள்.

வேலையை விட்டுவிடக் கூடாதா என்று கணேசனிடம் சத்தமாகக் கேட்டேன்.

“ரெண்டு பேரும் மீனு வித்தா வாங்குறதுக்கு ஆளு வேணும்ல, மச்சான்? திங்கக்கெளமை கம்பெனி தொறந்திரும்.”

பொன்மணி கத்தியைக் கழுவித் துணியில் சுற்றினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிவகாசி பேருந்து நிலையத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கடலிலும் ஆட்கள் சாகிறார்கள். ஆனால் காற்று மாறும், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், படகைத் திருப்ப நேரம் கிடைக்கும். இங்கே பயத்துக்கு அப்படி முன்னறிவிப்பு ஏதும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு லாரி டயர் வெடித்தது.

டயர்தான் என்று கண்ணால் பார்த்தேன். ஆனாலும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரோடும் சேர்ந்து என் கையும் போனை எடுத்திருந்தது. முதல் மணியிலேயே பொன்மணி எடுத்துவிட்டாள். 

“சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.