கொறம்பில் ஒரு சாண்

ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் சுடுமணலிலுமாக நின்றபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தருகிற ஆற்றில் வருஷாவருஷம் ஒரு கொறம்பு போடுவார்கள். மணலும் தழையும் வைக்கோலும் மிதித்து மிதித்து ஆற்றுக்குக் குறுக்கே எழுப்புகிற வரப்பு அது. அடுத்த வெள்ளத்தில் போய்விடும். அதுவரை ஆற்றை மறித்து வாய்க்காலுக்குத் திருப்பும். அதன் மேல் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தேன். மேல்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர், சத்தமில்லாமல் வாய்க்காலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் ஆறே இல்லை. மணல், காய்ந்த பாசி, ஒரு குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடிக்கும் நாலைந்து அயிரை மீன்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் மண்.

ஒரு சாண் திறந்து விட்டால் என்ன? வாய்விட்டே கேட்டுவிட்டேன். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. உடனே சைக்கிளை எடுத்து மிதித்தேன். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஒரு சாண் என் தலைக்குள் ஒரு பெரிய திட்டமாகியிருந்தது. பள்ளி இறுதி வகுப்பு தேறி, நாலு இடத்துக்கு மனுப் போட்டுவிட்டு, தபால்காரரைப் பார்த்துக்கொண்டே வீட்டில் இருக்கிறவனுக்கு யோசனைகள் கொஞ்சம் வேகமாகத்தான் வளரும். சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆகிறது, எங்கே பார்த்தாலும் அணை, திட்டம் என்று பேச்சு. நாம் ஒரு ஆற்றுக்காவது ஏதாவது செய்ய வேண்டாமா என்று இருந்தது.

ஆனால் ஆற்றுக்கு என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. என் மனதில் இருந்தது ஒரு மடு. கொறம்புக்கு அரை மைல் கீழே, பாறை ஓரமாகக் கிடக்கிற ஆழமான குழி. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அந்த மடுவை நம்பித் தங்குவார். அறுப்பு முடிந்ததும் எங்கள் வயல்களில் கிடை போடுவார். ஆடுகள் ராத்திரி படுத்துப் போடுகிற எருவில்தான் எங்கள் அடுத்த பூ, அடுத்த போகம், விளைய வேண்டும். இந்த வருஷம் ஆடுகள் தாமதமாக ஈன்றிருந்தன. மடு வற்றினால் அடுத்த தண்ணீருக்கு அரை நாள் நடை. பெரிய ஆடு நடந்துவிடும். அந்த வெயிலில் குட்டிகள் நடக்காது.

இதை அவரே ஒரு நாள் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் ஒரு மாசம் இது கெடந்தாப் போதும் தம்பி. குட்டி காலு ஊனிரும்” என்றார். அவ்வளவுதான்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதை நிறுத்தினார்.

“ஏலே, நம்ம வயலு எங்கன இருக்கு?”

“கடைமடையில.”

“தண்ணி கொறஞ்சா மொதல்ல காயுதது யாரு வயலு?”

கேட்டுவிட்டு அவர் மறுபடி காம்பைக் கிள்ளத் தொடங்கினார். நான்தான் பேசினேன். கிடை இல்லாவிட்டால் எருவுக்கு எங்கே போவது, ஆட்டுக்காரர் ஒரு தடவை வேறு பக்கம் போய்ப் பழகிவிட்டால் திரும்பி வருவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில், ஊரார் ஒத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஊரார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சொல்லியிருப்பார்.

கொறம்பு மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். அந்த முறை எங்கள் வீட்டு ஆளாக நானே போனேன். அங்கே எல்லாவற்றுக்கும் அதிகாரி நீர்க்கட்டி அண்ணாச்சி. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. நான் பள்ளிக்கூட அடிக்கோலை நீட்டி, ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழம் என்று விளக்கியதும் அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

“நாம வருசம்பூரா ஓட்டைய அடைக்கோம். தம்பி ஓட்டைய அளந்து வெட்டணுங்காவ. படிச்ச படிப்புல்லா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் கிடையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. எருவின் அருமை அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரை மணி நேரம் தர்க்கம் நடந்தது. பதினைந்து நாள் விட்டுப் பார்ப்பது, கடைமடையில் பயிர் வாடினால் அன்றைக்கே அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. கொறம்பின் உச்சியில் நானே வெட்டினேன். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு மணலில் ஒரு கோடாக இறங்கி ஓடிற்று. அந்தக் கோட்டோடு கூடவே நானும் ஓடினேன். பாதி வழியில் மணல் அதைக் குடித்துவிட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம் போயிற்று. மூன்றாம் நாள் மடுவைத் தொட்டது.

மடுவில் ஒரு குச்சி நட்டு, அடிக்கோலை வைத்துக் கத்தியால் மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறியிருந்தேன். தண்ணீர் வந்து சேர்ந்தபின் மூன்று நாள் ஒரே கோட்டில் நின்றது. தினமும் காலையும் மாலையும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். வீட்டில், தபால்காரரைக்கூட மறந்துவிட்டானே என்றார்கள்.

நாலாம் நாள் ஒரு கோடு இறங்கியிருந்தது. கொறம்புக்கு ஓடினேன். என் சாண் அடைபட்டிருந்தது. ஆவாரந்தழை வைத்து, மண் போட்டு, குதிகாலால் மிதித்து, நேர்த்தியாக அடைத்த அடைப்பு. பிடுங்கி எறிந்தேன். மறுநாள் திரும்பவும் அதே தழை, அதே மிதி. மூன்றாம் தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. நேரே வாய்க்கால் கரைக்குப் போய், நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், ஒத்துக்கொண்டுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று நீர்க்கட்டி அண்ணாச்சியைக் கேட்டுவிட்டேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“நான் அடைக்கணும்னா உங்க முன்னாலயே அடைப்பேன் தம்பி. ஒளிஞ்சு அடைக்க எனக்கென்ன வந்துச்சு? வெள்ளன வந்து உக்காந்து பாருங்க, அடைக்குதது யாருன்னு.”

மறுநாள் விடியும் முன்பே கிளம்பி, வெளிச்சம் வருகிற வேளைக்குக் கொறம்பின் அருகே நாணல் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கிற்று. யார் யார் வரக்கூடும் என்று மனதில் ஒரு பட்டியல் போட்டேன். மேல்மடைக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அப்பாவைக்கூட ஒரு கணம் சேர்த்து, வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.

முதலில் மணிச் சத்தம் கேட்டது. பிறகு ஆடுகள், இந்த வாரம்தான் தொடங்கியிருந்த அக்கரை மேய்ச்சலுக்காக, காய்ந்த மணலில் இறங்கின. பின்னால், கொறம்பின் மேல், தோளில் ஒரு குட்டியோடு ஆட்டுக்காரர் வந்தார். நடுவில் நின்றார். என் சாணைப் பார்த்தார். குட்டியை இறக்கிவிட்டு, கம்பைச் சாய்த்து வைத்து, கரையிலிருந்து ஒரு கொத்து ஆவாரந்தழை ஒடித்து வந்து திணித்தார். இரண்டு கை மண் அள்ளிப் போட்டார். குதிகாலால் மிதித்தார். கையைக் கழுவிக்கொண்டு குட்டியைத் தூக்கினார்.

எழுந்து நின்றேன்.

இதில் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் கொறம்பைத் தாண்டுகிற யாரும் கசிவைக் கண்டால் ஒரு கை மண் வைக்காமல் போகமாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கூட வேட்டியை மடித்துக்கொண்டு குனிவார். நானே எத்தனையோ தடவை வைத்திருக்கிறேன். ஊராரிடம் அரை மணி நேரம் பேசிய நான், அப்பாவிடம் ஒரு மாலை முழுக்கப் பேசிய நான், யாருக்காக வெட்டினேனோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடு நிறைந்ததும் அவர் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

“அது ஓட்டை இல்ல அண்ணாச்சி. உங்க மடுவுக்கு விட்டிருக்கோம்” என்றேன்.

அவர் மிதித்த இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒழுகுத தண்ணியப் பாத்துட்டு எப்படித் தம்பி சும்மா போறது?” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “என் குட்டி வாயில நானேல்லா மண்ணள்ளிப் போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, குனிந்து, வைத்ததையெல்லாம் தன் கையாலேயே தோண்டி எடுத்தார்.

தண்ணீர் வந்தது. ஆனால் விரல் தடிமனுக்குத்தான் வந்தது. இந்த நாலைந்து நாளில் ஆறே இளைத்துவிட்டது. நான் உச்சியில் வெட்டியிருந்தேன். வாய்க்காலின் வாயோ அதைவிடத் தாழ்வு. தண்ணீர் குறையக் குறைய வாய்க்காலுக்கு முழுவதும் போகும், என் சாணுக்கு ஏறவே ஏறாது. அடிக்கோல் வைத்து அகலம் அளந்தவன் மட்டத்தைப் பார்க்கவில்லை. அடைப்பில்லாமல் இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு நாளில் தானாகவே நின்றிருக்கும்.

நீர்க்கட்டி அண்ணாச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே மன்னித்துவிடவில்லை. வாய்க்காலில் செத்தை தள்ளிக்கொண்டே இருந்தார். யார் அடைத்தது என்று சொன்னதும் நிமிர்ந்தார். வெகு நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வாய்க்கால் வாயும் மடுவுக்குப் போகிற வாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஆறு இளைத்தால் இருவருக்கும் இளைக்கும், பெருத்தால் இருவருக்கும் பெருக்கும், அதில் யாருக்கும் சண்டையில்லை என்றார். அகலம் மட்டும் தான் சொல்கிற அகலம்தானாம்: வாய்க்காலுக்கு ஐந்து பங்கு, மடுவுக்கு ஒரு பங்கு. நான் நாலுக்கு ஒன்று கேட்டேன். அவர் காது கேட்காதவர்போல் நின்றார். சரி என்றேன்.

இதெல்லாம் நேற்று நடந்தது. இன்று காலை மடுவில் தண்ணீர் குச்சியின் அடியில் நான் கீறிய கடைசிக் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டு விரல் நிற்கிறது. குட்டிகள் ஓரத்தில் முட்டி போட்டுக் குடிக்கின்றன. இன்னும் இருபது நாளாவது அவற்றுக்கு வேண்டும். கடைமடையில் எங்கள் பயிர் இதுவரை வாடவில்லை. அப்பா தினமும் போய்ப் பார்க்கிறார்.

நாளைக் காலை கொறம்பை ஓரமாக வெட்டி, வாய்க்காலின் மட்டத்துக்கே அடிக்கல் ஒன்று போட்டு, இரு பக்கமும் இரண்டு கல் நிறுத்தப்போகிறோம். கல் நின்றால் கட்டின வாய் என்று தெரியும், ஓட்டை என்று யாரும் மண் வைக்கமாட்டார்கள் என்பது நீர்க்கட்டி அண்ணாச்சியின் கணக்கு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அதனால் கல்லை நட்டதும் சைக்கிளில் இரண்டு கரையிலும் உள்ள ஊர்களுக்குப் போய், அந்த வழியாக நடக்கிற ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிவிட்டு வரப்போகிறேன். அடிக்கல்லுக்கு ஏற்ற பலகைக்கல் ஒன்று மடுவின் ஓரத்தில் கிடக்கிறதாம். அதைப் புரட்டிக் கொண்டுவர ஆட்டுக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார்.